பயிலுநரா, பணியாளரா? தாதியர் கல்வி வரலாற்றில் ஒரு முரண்பாடு

மருத்துவத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மருத்துவர்களையும் அவர்தம் கண்டுபிடிப்புக்களையுமே பொருளாகக் கொண்டனர். நோய்க் கிருமியை இனங்கண்டவர், உணர்விழக்கச் செய்யும் மருந்தைப் பயன்படுத்தியவர், அறுவைக் கூடத்திலே தூய்மையைப் புகுத்தியவர் ஆகியோரின் பெயர்கள் பாடநூல்களில் இடம்பெறுகின்றன. நோயாளியின் அருகில் இரவும் பகலும் நின்ற தாதியின் வரலாறோ நெடுங்காலம் தியாகத்தின் வரலாறாக மட்டுமே கூறப்பட்டு வந்தது. கையில் விளக்கேந்திய மாதின் உருவம் உலகெங்கும் போற்றப்படுவதாயிற்று. அவ்விளக்கின் ஒளி பட்ட இடத்தைக் கண்ட கண்கள், அது படாத இடத்தைக் காணத் தவறின. தாதி, கூலிக்கு உழைத்த ஓர் ஊழியர். அவ்வுழைப்பின் நடுவே கல்வியைத் தேடிய ஒரு மாணவர். இவ்விரு நிலைகளும் ஒருவரிடத்தே ஒருங்கே அமைந்தமையால் எழுந்த முரண்பாடே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக் காலத் தாதியர் கல்வி வரலாற்றின் உட்பொருள் எனலாம்.

இம்முரண்பாடு இரு வினாக்களாக வெளிப்பட்டது. வைத்தியசாலை தன் மாணவியின் உழைப்பைச் சுரண்டாதவாறு அவரது கல்வியைக் காப்பது எவ்வாறு என்பது முதலாவது வினா. ஏற்கெனவே வைத்தியசாலையில் உழைத்துக்கொண்டிருக்கும் ஒருவர், உழைப்பைக் கைவிடாமலே கல்வியால் உயர்வதற்கு வழி யாது என்பது இரண்டாவது வினா. மேலோட்டமாக நோக்குவார்க்கு இவை ஒன்று போலத் தோன்றும். ஆயின், முதல் வினாவுக்குக் காணப்பட்ட விடைகள் சில இரண்டாவது வினாவுக்குரிய வாயிலை அடைத்தன என்பதே இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயலும் கருத்தாகும். பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் இங்கு முதன்மையாக நோக்கப்படுகின்றன. நவீன தாதியர் கல்வி அமைப்பு அங்குதான் உருப்பெற்றது. குடியேற்ற ஆட்சியின் வழியாக நம் நாட்டுக்கும் அவ்வமைப்பே வந்து சேர்ந்தது.

1. சென் தோமஸ் வைத்தியசாலையில் ஒரு தொடக்கம்

1854 ஆம் ஆண்டு கிறிமியப் போரின்போது ஸ்கூற்றாரிப் படை வைத்தியசாலைக்குச் சென்ற புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் பெற்ற புகழ், 1855 இல் அவர் பெயரால் ஒரு நிதியம் தோன்றக் காரணமாயிற்று. ஏறத்தாழ 45,000 பவுண் திரண்ட அந்நிதியத்தைக் கொண்டு 1860 ஆம் ஆண்டு இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. முதலிற் சேர்ந்த பயிலுநர் பதினைவர். பயிற்சிக் காலம் ஓராண்டு. மேற்றனாக விளங்கிய வாட்றோப்பர் அம்மையாரின் கண்காணிப்பின் கீழ் அவர்கள் வாட்டுக்களில் உதவித் தாதியராகப் பணிபுரிந்தனர். இடையிடையே மருத்துவர் நிகழ்த்திய விரிவுரைகளைக் கேட்டனர். பயிற்சி முடிந்தபின் மேலும் சில ஆண்டுகள் குறித்த வைத்தியசாலைகளிற் பணியாற்றுதல் அவர்தம் கடப்பாடாக இருந்தது.

இவ்வமைப்பின் சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடல் ஆகாது. தாதிமை கற்றுத் தேறவேண்டிய தொழில் என்ற கருத்தை அது நிலைநிறுத்தியது. உணவும் உறையுளும் சிறு கைச்செலவுப் பணமும் வழங்கப்பட்டமையால், கல்விக்குக் கட்டணம் செலுத்த இயலாத பெண்களும் பயிலமுடிந்தது. எனினும், அதன் உள்ளமைப்பிலே ஒரு குறைபாடு பொதிந்திருந்தது. பள்ளிக்கென நிதியம் இருந்ததேயன்றி, மாணவியின் நாட்பொழுது வைத்தியசாலையின் கையில் இருந்தது. நோயாளர் தொகை மிகும்போது விரிவுரை பின்தள்ளப்படுதல் இயல்பாயிற்று. மாதந்தோறும் பதியப்பெற்ற மதிப்பீட்டுத் தாளில் நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், தூய்மை ஆகிய பண்புகள் தனித்தனியே கணிக்கப்பட்டன. நல்லொழுக்கம் அறிவுக்கு நிகராக, சில வேளை அதனினும் மேலாக, மதிக்கப்பட்டது.

மற்றொரு கூறும் ஈண்டு நோக்கற்பாலது. 1860களின் பிற்பகுதியிலிருந்து, தம் செலவைத் தாமே செலுத்திச் சேர்ந்த உயர்குடிப் பெண்கள் ‘சிறப்புப் பயிலுநர்’ என வேறு பிரிக்கப்பட்டனர். பிற வைத்தியசாலைகளின் மேற்றன்களாகவும் மேற்பார்வையாளர்களாகவும் செல்வதற்கு அவர்களே பெரிதும் ஆயத்தப்படுத்தப்பட்டனர். சாதாரண பயிலுநர் தாதியாகவே நின்றார். ஆகவே, ஏணி ஒன்று அமைக்கப்பட்ட அதே காலத்திலேயே, அதன் மேற்படிகளில் யார் ஏறலாம் என்பதை விக்டோரிய சமுதாயத்தின் வர்க்க அமைப்புத் தீர்மானித்துவிட்டது. பணியால் உயர்தல் என்பது கொள்கையளவில் எல்லார்க்கும் உரியதாகவும், நடைமுறையில் சிலர்க்கே வாய்ப்பதாகவும் அமைந்தது.

2. இலக்கமிடப்பட்ட போத்தல்கள்

அத்திலாந்திக் சமுத்திரத்தின் மறுகரையில் 1862 ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரிலே பெண்களுக்கும் சிறுவர்க்குமான நியூ இங்கிலாந்து வைத்தியசாலை நிறுவப்பட்டது. பெண் மருத்துவர்களால் நடத்தப்பட்ட இவ்வைத்தியசாலையில் 1872 இல் தாதியர் பயிற்சி ஒழுங்குபடுத்தப்பட்டது. அமெரிக்காவின் முதலாவது பயிற்றப்பட்ட தாதி எனப் போற்றப்படும் லிண்டா றிச்சட்ஸ் 1873 இல் அங்கேயே தேறினார். 1911 இல் வெளிவந்த தமது நினைவுக் குறிப்புக்களில் அப்பயிற்சி எவ்வாறிருந்தது என்பதை அவர் விபரித்துள்ளார். காலை ஐந்தரை மணிக்கு எழுந்து இரவு ஒன்பது மணிவரை அவர்கள் உழைத்தனர். உறங்கும் அறைகள் வாட்டுக்களை அடுத்தே இருந்தமையால் இரவிலும் நோயாளர் அழைப்புக்கு எழவேண்டியிருந்தது. இரு வாரங்களுக்கு ஒருமுறை பிற்பகல் இரண்டு மணி தொடக்கம் ஐந்து மணிவரை மாத்திரமே ஓய்வு. பாடநூல் இல்லை; நுழைவுப் பரீட்சையோ இறுதிப் பரீட்சையோ இல்லை; படிப்பதற்கென ஒதுக்கிய நேரமும் இல்லை.

இவற்றினும் கருத்திற் கொள்ளவேண்டியது வேறொன்று. தாம் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்துகளின் பெயர்களைப் பயிலுநர் அறியாதவாறு போத்தல்கள் மீது பெயருக்குப் பதிலாக இலக்கங்களே ஒட்டப்பட்டிருந்தன என அவர் கூறுகிறார். ஒரு தொழிலைச் செய்பவர் அத்தொழிலின் காரணகாரியத்தை அறியலாகாது என்ற எண்ணத்துக்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. மருந்தை ஊட்டும் கை தேவைப்பட்டது. அம்மருந்து யாதென வினவும் மனம் தேவைப்படவில்லை. பெண் மருத்துவர்களே நடத்திய ஒரு நிறுவனத்தில் இந்நிலை காணப்பட்டது என்பதிலிருந்து, இதனை ஆண்–பெண் என்ற வேறுபாட்டால் மாத்திரம் விளக்கிவிட முடியாது என்பது பெறப்படும். அறிவுடையோர், ஏவல் செய்வோர் என்ற பிரிவினையே இதன் அடித்தளமாகும்.

இதே வைத்தியசாலையில்தான் மேரி எலைசா மஹொனி என்பவரின் வரலாறும் தொடங்குகின்றது. 1845 இல் பொஸ்ரனிற் பிறந்த இக்கறுப்பினப் பெண்மணி, சமையற்காரராகவும் சலவை செய்பவராகவும் துப்புரவுப் பணியாளராகவும் பெயரளவிலன்றித் தாதியரின் உதவியாளராகவும் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அங்கு உழைத்தார். 1878 இல், தமது முப்பத்துமூன்றாவது வயதிலே, தாம் கூட்டித் துடைத்த வாட்டுக்களுக்கே பயிலுநராக அவர் அனுமதி பெற்றார். நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம்வரை நீண்ட அப்பயிற்சியிலே நாற்பதுக்கு மேற்பட்டோர் நுழைந்தனர். 1879 இல் தேறி வெளியேறியோர் நால்வரே எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. அவர்களுள் மஹொனியும் ஒருவர். முறையான பயிற்சி பெற்று அமெரிக்காவில் தேறிய முதலாவது கறுப்பினத் தாதி அவரே. 1908 இல் கறுப்பினப் பட்டயத் தாதியர் தேசிய சங்கம் உருவாகியபோது அதன் முன்னோடிகளுள் ஒருவராகவும் அவர் திகழ்ந்தார். 1926 இல் அவர் காலமானார்.

மஹொனியின் வெற்றியைத் தனியொருவரின் மனவுறுதிக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அது பிழையன்று. ஆயின் அவ்வளவில் அமைந்துவிடுதல் வரலாற்றாசிரியனுக்குப் போதாது. ஒருவர் ஏறுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்கவேண்டிய ஏணி எத்தகையது? ஏறமுடியாது திரும்பியோர் அனைவரும் மனவுறுதி குன்றியவர்களா? எஞ்சிய நால்வரைப் பாராட்டும் நாம், வெளியேறிய ஏனையோரைப் பற்றி வினவுதல் வேண்டும். உடல் தாங்கக்கூடிய எல்லைக்கு அப்பால் நீண்ட வேலை நேரமே தகுதியை அளக்கும் கோலாக அங்கு பயன்பட்டது.

3. பள்ளிகள் பெருகியமைக்குக் காரணம்

1873 ஆம் ஆண்டு நியூயோர்க், நியூ ஹேவன், பொஸ்ரன் ஆகிய மூன்று நகரங்களில் நைற்றிங்கேல் முறையைத் தழுவிய பள்ளிகள் தோன்றின. 1900 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் 400க்கு மேற்பட்ட தாதியர் பள்ளிகள் இருந்தன. கல்வி ஆர்வமொன்றே இப்பெருக்கத்துக்குக் காரணம் எனக் கருதுதல் இயலாது. வைத்தியசாலைகள் எண்ணிக்கையிற் பெருகின. அறுவைச் சிகிச்சை விரிவடைந்தது. நோயாளரைப் பராமரிக்கக் கைகள் வேண்டியிருந்தன. தேறிய தாதியரை முழுச் சம்பளத்தில் அமர்த்துவதைக் காட்டிலும் ஒரு பள்ளியைத் தொடங்கி மாணவியரைக் கொண்டு வாட்டுக்களை நடத்துவது செலவு குறைந்த வழியாக இருந்தது. பயிற்சி முடித்தவருக்கு அதே வைத்தியசாலையில் வேலையில்லை. அவர் தனியார் இல்லங்களில் நோயாளரைப் பராமரிக்கச் சென்றார். அவரது இடத்தைப் புதிய மாணவி நிரப்பினார். பள்ளி, உழைப்பைத் தொடர்ந்து வழங்கும் ஒரு வாய்க்காலாயிற்று.

இலண்டனிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. தலைநகர வைத்தியசாலைகள் பற்றி ஆராய 1890 இல் அமைக்கப்பட்ட பிரபுக்கள் சபைத் தெரிவுக் குழு முன்னிலையில் பயிலுநரின் நீண்ட வேலை நேரமும், பயிற்சி முடியுமுன்னரே அவர்கள் தனியார் இல்லங்களுக்குக் கட்டணத்துக்கு அனுப்பப்பட்டமையும் முறைப்பாடுகளாக வந்தன. 1881 இல், இருபத்து நான்கு வயதிலே, சென் பார்த்தலோமியூ வைத்தியசாலையின் மேற்றனாகிய எதெல் பெட்போர்ட் பென்விக் அம்மையார், தாதியரை அரசு பதிவு செய்தல் வேண்டும் என்ற இயக்கத்தை 1887 முதல் முன்னின்று நடத்தினார். நைற்றிங்கேல் அம்மையாரோ அதனை எதிர்த்தார். பரீட்சையும் பதிவேடும் தாதியின் நற்பண்பை அளக்கமாட்டா என்பது அவர் வாதம். நியூசிலாந்து 1901 இல் தனிச் சட்டம் இயற்றி இத்துறையில் முந்திக்கொண்டது. பிரித்தானியாவிற் போர் முடிந்தபின், 1919 இல், சட்டம் நிறைவேறியது. பதிவேட்டின் முதலாவது பெயர் பென்விக் அம்மையாருடையது.

இவ்விவாதத்தில் இரு தரப்பினரும் ஒரு பகுதி உண்மையைப் பற்றியிருந்தனர். தாதிமை நூலறிவால் மட்டும் அமைவதன்று என்றவர் கூற்றில் உண்மையுண்டு. ஆனால் பண்பை மட்டும் போற்றிச் சான்றிதழை மறுத்தமையால் இலாபமடைந்தவர்கள் வைத்தியசாலை நிர்வாகிகளே. அளக்கமுடியாத தகுதிக்கு விலை கூறமுடியாது. விலை கூறமுடியாத உழைப்புக்குக் கூலி உயர்த்தவும் வேண்டியதில்லை.

4. கல்வியைக் காத்தோர்

மாணவியின் நேரத்தை மீட்டெடுக்கும் முயற்சி அமெரிக்காவில் மேரி அடெலெய்ட் நட்டிங் அம்மையாரிடத்தே தெளிவான வடிவம் பெறுகிறது. பால்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் தாதியர் பள்ளிக்குத் தலைமை தாங்கிய அவர், 1895 இல் மூன்றாண்டுப் பாடத்திட்டத்தைப் புகுத்தினார். வாரத்துக்கு 60 முதல் 105 மணிவரை நீண்டிருந்த வாட்டுக் கடமையை ஒழித்தார். அத்துடன், அக்கடமைக்கு ஈடாகப் பயிலுநருக்கு வழங்கப்பட்டு வந்த மாதாந்தப் படியையும் நிறுத்தி, வறிய மாணவியருக்கெனப் புலமைப்பரிசில்களை ஏற்படுத்தினார். 1907 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் உலகின் முதலாவது தாதியியற் பேராசிரியராக அவர் நியமனம் பெற்றார்.

படியை நிறுத்திய செயல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. மாணவி கூலி பெறுமளவும் வைத்தியசாலை அவரைத் தன் ஊழியராகவே கருதும். கூலியை விட்டாலன்றி மாணவி நிலையைப் பெறமுடியாது என்பது அதன் தருக்கம். தருக்கம் வலுவானதே. எனினும் அக்கூலியை நம்பி வந்த பெண்ணுக்கு அது என்ன பொருள் தந்தது? வீட்டுக்குச் சிறு தொகை அனுப்பவேண்டிய மூத்த மகளுக்கும், தாமே தமக்கு ஆதரவாக வாழ்ந்த கைம்பெண்ணுக்கும் புலமைப்பரிசில் கிட்டினால் உண்டு, கிட்டாவிடில் இல்லை. சுரண்டலுக்கு எதிரான நடவடிக்கையொன்று, சுரண்டப்பட்டேனும் உயர முனைந்தவரின் பாதையை ஒடுக்கும் வாய்ப்பும் இருந்தது. முதல் வினாவும் இரண்டாவது வினாவும் பிரிந்து செல்லும் சந்தி இதுவேயாகும்.

1923 இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் ஆதரவுடன் வெளிவந்த, ஜோசபீன் கோல்ட்மார்க் தயாரித்த ஆய்வறிக்கை, வைத்தியசாலையின் தேவையும் கல்வியின் தேவையும் மோதும்போதெல்லாம் கல்வியே தோற்றது என்பதைப் பள்ளிகளின் அன்றாட நடைமுறையிலிருந்து எடுத்துக்காட்டியது. ஒருமுறை கற்றபின் கற்பதற்கு எதுவுமற்ற வேலையையே மாணவியர் மாதக்கணக்கிற் செய்துகொண்டிருந்தனர். அவ்வாண்டே யேல் பல்கலைக்கழகத்தில், வைத்தியசாலையின் கட்டுப்பாட்டுக்கு உட்படாத தாதியர் கல்லூரி ஆனி குட்றிச் அம்மையாரைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது. பிரித்தானியாவில் 1947 இல் சேர் றொபேட் வூட் தலைமையிலான குழு, பயிலுநருக்கு முழு மாணவர் நிலை வழங்குமாறு பரிந்துரைத்தது. புதிதாகத் தோன்றவிருந்த தேசிய சுகாதார சேவை அதனை ஏற்கும் நிலையில் இருக்கவில்லை. மாணவியரை வாட்டுக்களிலிருந்து அகற்றினால் அவ்விடத்தை நிரப்ப வேறு ஆட்கள் வேண்டும். அவர்களுக்கு முழுச் சம்பளமும் வேண்டும். கணக்கேட்டின் முன் கல்விக் கொள்கை நாற்பதாண்டுகள் காத்திருந்தது.

5. இரு பதிவேடுகளும் குடியேறிய தாதியரும்

அந்த நாற்பதாண்டு இடைவெளியை நிரப்பியவர்களுள் பெருந்தொகையினர் வெளிநாட்டவர். 1943 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரித்தானியாவில் தாதியர் இரு வகையினராயினர். மூன்றாண்டுப் பயிற்சி பெற்று அரச பரீட்சையிற் தேறியோர் பதிவு பெற்ற தாதியர். குறுகிய, செய்முறை சார்ந்த பயிற்சி பெற்றோர் துணைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டனர். இவர்களே பின்னர் நிரற்படுத்தப்பட்ட தாதியர் என வழங்கப்பட்டனர். முன்னையவர் வாட்டுப் பொறுப்பாளராகவும் மேற்றனாகவும் உயரலாம். பின்னையவருக்கு அத்தகைய ஏற்றம் இல்லை.

1948 ஆம் ஆண்டு யூலை 5 ஆந் திகதி தொடங்கிய தேசிய சுகாதார சேவைக்காகக் கரிபியத் தீவுகள், அயர்லாந்து, ஆபிரிக்கா, மொரீசியஸ், மலேசியா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து இளம் பெண்கள் பிரித்தானியாவுக்குச் சென்றனர். பணிபுரிந்துகொண்டே படிக்கலாம், சம்பளமும் உண்டு, சான்றிதழும் உண்டு என்பதே அவர்களை ஈர்த்த வாக்குறுதி. அவர்களுட் பலர், பதிவுத் தாதிக்குரிய கல்வித் தகைமை உடையோராயிருந்தும், இரண்டாண்டுப் பயிற்சிக்கே அனுப்பப்பட்டனர். இரு பயிற்சிகளுக்குமிடையிலான வேறுபாட்டை எவரும் தமக்கு விளக்கவில்லை என அவர்கள் பின்னாளிற் கூறிய வாய்மொழி வரலாறுகள் ஏராளம். கரிபிய நாடுகள் பலவற்றில் அத்துணைத் தகைமை ஏற்றுக்கொள்ளப்படவில்லை. ஆகவே நாடு திரும்பினால் தாதியல்லர். அங்கேயே இருப்பினும் மேலே செல்ல வழியில்லை. இரவுக் கடமையும் குழந்தை வளர்ப்பும் தோளிற் சுமந்தபடி, மீண்டும் மாணவியாகி, மாற்றுப் பயிற்சி பெற்றுப் பதிவேட்டிற் புகுந்தோரும் உளர். மஹொனியின் பதினைந்து ஆண்டுகள் வேறொரு நூற்றாண்டில், வேறொரு நாட்டில் மீண்டன என்று கூறுதல் மிகையாகாது.

இறுதியாக, 1986 இல் ‘புரொஜெக்ற் 2000’ என்ற திட்டம் முன்வைக்கப்பட்டு 1989 முதல் நடைமுறைக்கு வந்தது. பயிலுநர், வேலையாள் கணக்கிலிருந்து பெரும்பாலும் விடுவிக்கப்பட்டு, உதவிப்பணம் பெறும் மாணவராயினர். நூற்றாண்டுக் காலக் கோரிக்கை நிறைவேறியது. அதே திட்டம் நிரற்படுத்தப்பட்ட தாதிக்கான பயிற்சியையும் முடிவுக்குக் கொண்டுவந்தது. கொள்கையளவில் இது நியாயமானதே. இரண்டாந்தரத் தகைமை ஒன்று இருத்தல் ஆகாது. ஆயினும், ஏற்கெனவே அத்தகைமையோடு உழைத்துக்கொண்டிருந்தோர் மாற்றுப் பயிற்சிக்கான இடங்களை எதிர்நோக்கிக் காத்திருக்க நேர்ந்தது. வருங்கால மாணவரைக் காத்த சீர்திருத்தம் நிகழ்கால ஊழியரை நடுவழியில் நிறுத்தியது. 2013 முதல் இங்கிலாந்தில் தாதிமைக்குப் பட்டம் கட்டாயமாயிற்று. 2017 இல் புதிய மாணவருக்கான உதவிப்பணம் நிறுத்தப்பட்டு, கடன் அதனிடத்தைப் பெற்றது. அதே ஆண்டளவில், சம்பளம் பெற்று வைத்தியசாலையில் உழைத்தபடியே பட்டம் பெறும் தொழில் பழகுநர் முறை அறிமுகமாயிற்று. பெரும் போராட்டத்தின் பின் பிரிக்கப்பட்ட படிப்பும் பணியும் மீண்டும் இணைக்கப்பட்டன. வரலாறு வட்டமிடுகின்றது என்று இதனைக் கொள்ளலாகாது. தீர்க்கப்படாத வினா மீண்டும் எழுந்தது என்பதே பொருந்தும்.

6. இலங்கைச் சூழலில்

நம் நாட்டில் மேலைத்தேய மருத்துவக் கல்வியின் தொடக்க வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்குத் தனியிடம் உண்டு. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், நோயாளரைக் கவனித்துக்கொண்டே மாணவரைப் பயிற்றினார். பின்னர் தமிழிலேயே மருத்துவத்தைப் போதித்து, அதற்கெனப் பாடநூல்களையும் தமிழாக்கினார். மருந்தின் பெயரை மறைத்து இலக்கமிட்ட பொஸ்ரன் வைத்தியசாலையின் மனப்பாங்கோடு, உடலுறுப்பு ஒவ்வொன்றுக்கும் மாணவரின் மொழியிற் பெயர் தேடிய மானிப்பாய் மருத்துவரின் மனப்பாங்கை ஒப்புநோக்குதல் தகும். அறிவை யாருக்கு உரியதாகக் கருதுகிறோம் என்பதே இரண்டுக்குமிடையிலுள்ள வேறுபாடு. ஆயின் கிறீனின் மாணவர் ஆடவர். அவர்கள் கற்றது மருத்துவம். தாதிமைக் கல்வி வேறு வழியிலேயே வளர்ந்தது. 1898 இல் இணுவிலிற் பெண்களுக்கெனத் தொடங்கிய மக்லியொட் வைத்தியசாலை போன்ற மிஷன் நிறுவனங்கள் இவ்வளர்ச்சியில் பங்குகொண்டன.

1939 இல் கொழும்பில் தாதியர் பயிற்சிப் பாடசாலை நிறுவப்பட்டது. அதன்பின் நாட்டின் பல பகுதிகளிலும் தோன்றிய பாடசாலைகள் வைத்தியசாலையைச் சார்ந்த மூன்றாண்டுப் பயிற்சியைப் பின்பற்றின. கொடுப்பனவு பெற்றுப் பயிலும் இம்முறை, பல்கலைக்கழக அனுமதி கிட்டாத, உழைப்பை உடனடியாக வேண்டிநின்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அரச சேவையின் வாயிலைத் திறந்தது. ஆனால் அவ்வாயிலுக்கு அப்பால் பட்டக் கல்விக்கு நெடுங்காலம் உள்நாட்டில் வழி இருக்கவில்லை.

1980 இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994 இல், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன், பதிவு பெற்ற தாதியருக்கான விஞ்ஞானமாணிப் பட்டநெறியைத் தொடங்கியமை இவ்வகையில் ஒரு திருப்பமாகும். நாட்டின் முதலாவது தாதியியற் பட்டநெறி பள்ளிப் படிப்பை முடித்துவந்த இளைஞருக்கெனத் தொடங்கப்படவில்லை. ஏற்கெனவே வாட்டுக்களில் உழைத்துக்கொண்டிருந்தோருக்கெனவே தொடங்கப்பட்டது. இரண்டாவது வினாவிலிருந்து நாம் ஆரம்பித்தோம். 2000களின் நடுப்பகுதிக்குப் பின்னரே பேராதனை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களில் முழுநேரப் பட்டநெறிகள் வளர்ந்தன. தொலைக்கல்வி ஏணியாக அமைந்தது உண்மையே. எனினும் அதன் படிகள் சமமானவையல்ல. தாய்மொழியிற் பாடசாலைக் கல்வி பெற்றவர் ஆங்கிலத்திலே பட்டம் கற்கவேண்டியுள்ளார். முறைமாற்றுக் கடமையில் இரவு விழித்தவர் மறுநாள் பாடத்தை நோக்கவேண்டியுள்ளார். உழைக்கும் பெண்ணின் வீட்டுக் கடமையோ எந்த அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை.

7. முடிவுரை

மேற்காட்டிய வரலாற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படும். முதலாவது, படிப்பும் பணியும் இணைந்திருத்தல் தன்னளவில் தீதன்று. நோயாளியின் அருகே நின்றன்றித் தாதிமையை எவரும் கற்றிலர். தீதாவது, நேரத்தின் மீதான அதிகாரம் கல்விக்குப் பொறுப்பற்ற ஒருவரிடம் இருத்தலே. இரண்டாவது, உயர்வுக்கான வாயில் திறந்திருக்கிறது என்று அறிவித்தல் போதாது. அவ்வாயிலை அடைவதற்குரிய நேரமும் பணமும் மொழியும் எவரிடம் உள்ளன என்பதை ஆராய்தல் வேண்டும். மூன்றாவது, சீர்திருத்தம் ஒன்றை மதிப்பிடும்போது இனி வரப்போகும் மாணவருக்கு அது என்ன செய்யும் என்பதோடு, இன்று உழைத்துக்கொண்டிருப்பவருக்கு அது என்ன செய்யும் என்பதையும் வினவுதல் அவசியம்.

பல்கலைக்கழகத்தில் இருப்போருக்கு இவ்வரலாறு அயலார் வரலாறாகத் தோன்றக்கூடும். கல்வியை முழுநேரப் பணியாகக் கொள்ளும் பேறு பெற்றோர் நாம். உழைப்பின் நடுவே திருடிய நேரத்திற் கற்றவர்கள் கல்வியை எமக்குக் குறையாது மதித்தனர். பல வேளைகளில் எம்மினும் அதிகமாக மதித்தனர். அவர்கள் பல்கலைக்கழகத்தின் கதவுக்கு வந்து சேரும்போது, அவர்களது பதினைந்தாண்டு அனுபவத்தை ஓர் அறிவாக ஏற்றுக்கொள்ளும் பாடத்திட்டம் அங்கு இருத்தல் வேண்டும். பின்தங்கி வந்தவர்களென அவர்களை நடத்தும் கல்வியகம், போத்தல்களுக்கு இலக்கமிட்ட காலத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டதாகக் கூறிக்கொள்ள இயலாது.